நான்காவது கை

உங்கள் மின்விசிறியில் ஒரு சத்தம் வருகிறது மேடம். எல்லாச் சுற்றுக்கும் இல்லை, நடுநடுவே ஒரு டக். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே பேரிங் தேய்கிறது. இப்போதே ஆளை விட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு எண்ணெயோடு முடிந்துவிடும். அசட்டையாக விட்டால் ஒருநாள் யார் தலையிலாவது இறங்கும். சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழில் புத்தி.

தண்ணீர் வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன். சொல்லப்போனால் இத்தனை நாளில் இன்றைக்குத்தான் மனசு இறக்கை கட்டிக்கொண்டு பறக்கிறது. அந்த மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்களே, அப்போது பிடித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். நீங்கள் அதை அழுகை என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஏன் சிரித்தேன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலிருந்து வந்தால்தான் உங்களுக்கும் புரியும்.

எங்கள் நிறுவனம் தனியாக வாழும் பெரியவர்களுக்கு ஒரு பொத்தான் கொடுக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். கால் வழுக்கினால், நெஞ்சு வலித்தால், ஏதோ ஒரு பயம் வந்தால் அழுத்த வேண்டும். எங்கள் உதவி மேசைக்கு அழைப்பு வரும், அங்கே இருக்கும் பெண் பேசுவாள், பதில் இல்லையென்றால் ஆளை அனுப்புவாள். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான். உள்ளே அந்த ஒரு அழுத்தல் ஆறு கை மாறிப் போகிறது. கை என்று நான் சொல்வது சின்னச் சின்ன மென்பொருள்களை. ஒன்று வாங்கும், ஒன்று சரிபார்க்கும், ஒன்று யாருடையது என்று தேடும். நான்காவது கை எந்த மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும். மீதியைச் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன், இந்தக் கதையில் எல்லாம் நான்காவதிலேயே முடிந்துவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஆறும் ஊமைகள். ஏதாவது கெட்டால் எங்கே கெட்டது என்று யாருக்கும் தெரியாது. அவற்றைப் பார்த்துக்கொள்கிற ஆறு பேரும் ஆறு பக்கம் கை காட்டுவார்கள். வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டின பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். நான் வந்து ஒவ்வொன்றையும் பேச வைத்தேன். வாங்கிட்டேன், பார்த்துட்டேன், குடுத்துட்டேன் என்று ஒவ்வொரு கையும் சொல்லியாக வேண்டும். அதை எல்லாம் கோத்து சுவரில் ஒரு பெரிய திரையில் போட்டேன். யாரோ ஒருவர் எங்கோ பொத்தானை அழுத்துகிறார், இங்கே திரையில் ஒரு பச்சைக் கோடு பிறந்து, ஆறு கட்டத்தையும் தாண்டி, ஓடிப் போய் மேசையில் விழுகிறது. எங்காவது தயங்கினால் அந்த இடத்திலேயே சிவக்கும். அப்சர்வபிலிட்டி என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், சொன்னால் நாக்கு சுளுக்கும். நான் 'உள்ளே தெரிவது' என்பேன். முதல் கோடு ஓடிய அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கை தட்டினேன். குழந்தை முதல் அடி வைத்ததுபோல இருந்தது. எனக்குக் குழந்தை இல்லை, அதனால் இந்த ஒப்பீடு சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் எனக்குக் 'கண்கொத்தி' என்று பெயர். கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்க்கிறேனாம். கோபமே வராது எனக்கு, விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். என் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுருக்கம்'. எதைச் சொன்னாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். அவர் ஆரம்பித்ததுதான் மணி. காபி மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளை மணியை மாட்டினார். வாடிக்கையாளருக்கு உறைப்பதற்கு முன்பே ஒரு பிசகை யார் கண்டுபிடிக்கிறார்களோ, அவர்கள் அந்த மணியை அடிக்கலாம். மணி அடித்தால் எல்லோருக்கும் கேக். உறைத்த பிறகு கண்டுபிடித்தால் மணி கிடையாது, கூட்டம்தான்.

அந்த மணிச் சத்தம் இருக்கிறதே மேடம், அதை நான் எப்படிச் சொல்வது. மாடி முழுக்கக் கேட்கும். விசைப்பலகைகள் நிற்கும். எல்லாத் தலையும் திரும்பும். "யாரு? கண்கொத்தி அக்காவா?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். நான்தான். எப்போதும் நான்தான். கேக் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வரும், அவர் பேக்கரி வைத்திருக்கிறார். "உங்க ஆபீஸ்ல தினம் யாருக்காவது பொறந்தநாளா?" என்று கேட்பார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பேன்.

இனி மாமா. என் வீட்டுக்காரரின் அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "உங்க வீட்ல கதவ சாத்துற சத்தம் எனக்கு ஆகாதும்மா" என்பார். அவர் கழுத்தில் பொத்தானை நானே மாட்டிவிட்டேன். எங்களிடம் அத்தனை வாடிக்கையாளர் இருந்தும், திரையில் அவர் கோடு வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். மத்தியானம் டீ போட்டு, தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு தடவை அழுத்துவார். ஒன்றும் ஆகியிருக்காது. உதவி மேசைப் பெண்ணிடம், "நான் உயிரோடதான் இருக்கேன் தங்கச்சி, நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். எந்த மேசைக்குப் போனாலும் அங்கே ஒரு தங்கச்சி. எல்லாப் பெண்களுக்கும் அவர் அழைப்பு என்றால் உயிர்.

ஒரு தடவைதான் அழுத்துவார். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் நானே அவரிடம், சரியாகப் பதியவில்லை என்றால் மறுபடி அழுத்துங்கள் மாமா என்று சொல்லிக்கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

"நான் வண்டி ஓட்டின காலத்துல சில பேரு எறங்குறதுக்கு மணிய விடாம அடிப்பான். ஒரு தடவ அடிச்சா எனக்குக் கேக்காதா? நான் என்ன செவிடா? அவன் ஸ்டாப்பு வந்தா நிறுத்தத்தானே போறேன். ரெண்டாவது தடவ அடிக்கிறவன் டிரைவர நம்பாதவன்மா. நான் ஒங்கள நம்புறேன்" என்றார்.

எவ்வளவு அழகாகச் சொன்னார் பாருங்கள். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம். இதை நீங்கள் சந்தேகப்படவே கூடாது.

எல்லாம் நன்றாகப் போனதில் ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு கையும் லேசாக முனகும்போதே நான் கேட்டுக் கேட்டுச் சொன்னதில் ஆறு கையும் தேறிவிட்டன. பிசகே இல்லை. மணி தூங்கியது. அதில் யாரோ குடையை மாட்டி வைக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் சுருக்கம் என் மேசைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தார். மேலாளர் மேசை ஓரத்தில் உட்கார்ந்தால் நல்ல செய்தி இருக்காது.

"எதுவுமே கெட மாட்டேங்குதே" என்றார்.

"ஆமா சார். நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்ல."

"அதான் கேக்குறேன். கெடாத ஒண்ண எதுக்கு இத்தன பேரு பார்த்துக்கிட்டு இருக்கணும்? சுருக்கமா சொல்லுங்க."

இதற்குச் சுருக்கமான பதில் கிடையாது. நோய் வராமல் பார்த்துக்கொள்கிற டாக்டரை யாரும் கும்பிட மாட்டார்கள், இழுத்துக்கொண்டு கிடக்கும்போது ஓடி வருகிறவரைத்தான் கும்பிடுவார்கள். என்னோடு இருந்த இரண்டு பேரை வேறு வேலைக்கு மாற்றினார். அடுத்து சுவர்த் திரையைக் கழற்றி வரவேற்பறையில் மாட்டப் போவதாகப் பேச்சு வந்தது. அங்கே அதில் அருவி வீடியோ ஓடுமாம், வருகிறவர்களுக்கு மனசு குளிருமாம். என் கோடுகள் ஓடின இடத்தில் அருவி. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

'கிள்ளல்' பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது ஒன்றும் கள்ளத்தனமான விஷயம் இல்லை, எல்லா நல்ல நிறுவனத்திலும் உண்டு. கண்காணிப்பு விழித்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு அழுத்தலை நாமே வேண்டுமென்று ஏதாவது ஒரு கையில் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பது. திரை சிவந்தால் கண்காணிப்பு விழித்திருக்கிறது என்று பொருள். அதற்காகவே பொம்மை வாடிக்கையாளர்கள் சிலரை உருவாக்கி வைத்திருந்தோம். அவர்களை மட்டும்தான் கிள்ளலாம் என்பது விதி. விதியை எழுதியது நான்.

ஆனால் பொம்மை அழுதால் யார் ஓடி வருவார்கள்? பொம்மையின் கோடு சிவந்தால் பார்க்கிறவர்கள், ஓ டெஸ்டா, என்று காபி குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் நிஜமான ஒருவரை, ரொம்ப லேசாக, ஒரு கொட்டாவி விடும் நேரத்துக்குக் கிள்ளினேன். சிவந்தது. "நாலாவது கை தடுமாறுது" என்று நானே கத்தினேன், நானே சரிசெய்தேன், குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மணியை அடித்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கேக்கில் என் பங்கை இரண்டு தடவை வாங்கினேன்.

அந்த அம்மாளுக்கு, நான் கிள்ளினவருக்கு, முட்டிவலிதான். விசாரித்து வைத்திருந்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

அதன் பிறகு அப்படியே போனது. அதிகமாக இல்லை, மணி தூங்கிவிடாத அளவுக்கு. கொட்டாவி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது, ஏனென்றால் போன தடவை பார்த்த சிவப்பு இந்தத் தடவை யாருக்கும் எடுபடாது. என் ஆட்கள் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அருவிப் பேச்சு அடங்கியது. வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "என்னடி, சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்றார். இல்லை, மதிக்கிறார்கள் என்றேன். அது உண்மை. அந்த மாதங்களைப்போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. நடந்தால் கால் தரையில் பாவாது.

அப்போதுதான் பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று சுருக்கம் சொன்னார். முதியோர் இல்லங்கள் வரிசையாக நடத்துகிறவர்கள். எங்கள் பொத்தானை எடுப்பதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறார்கள். "பொத்தான் எல்லார்கிட்டயும் இருக்கு. நம்மகிட்ட மட்டும் இருக்கிறது ஒங்க திரைதான். நீங்களே காட்டுங்க" என்றார். பிறகு ஒரு கணம் யோசித்து, "சுருக்கமா வேண்டாம், விரிவாவே காட்டுங்க" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விரிவாகக் காட்ட வேண்டுமானால் ஒரு நிஜமான அழுத்தல் நன்றாக நின்று சிவக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று, எங்கே நின்றது, ஏன் நின்றது, எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று நிதானமாக விளக்க வேண்டும். கொட்டாவி நேரம் போதாது. அப்படிப் பிடித்து வைப்பதென்றால் அழுத்துகிறவருக்கு ஒரு ஆபத்தும் இருக்கக் கூடாது. இதை நான் பல நாள் யோசித்தேன். ஊரார் யாரையும் சிரமப்படுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. நம் வீட்டு மனிதர் என்றால் வேறு. அதிலும் தினமும் டீ தம்ளரோடு, ஒன்றுமே ஆகாமல், சொல்லிவைத்த மாதிரி அழுத்துகிறவர். மாமாவை விட்டால் எனக்கு வேறு ஆளே இல்லை. ஒரு விதத்தில் அது மரியாதை என்றுகூட நினைத்தேன்.

ஒரு அழுத்தல் எங்காவது மாட்டிக்கொண்டால் தானாகச் சுற்றுவழியில் போய் மேசையில் விழும்படி ஒரு ஏற்பாடு உண்டு. அதுவும் நான் செய்ததுதான், நல்ல ஏற்பாடு. அது இருந்தால் கோடு சிவந்த வேகத்தில் பச்சையாகிவிடும், விளக்கம் பாதியில் தொங்கும். அதனால் அதை அணைத்து வைத்தேன். மாமாவின் எண்ணுக்கு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அன்று முழுக்க அது சரியாக வேலை செய்தது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பொத்தானைத் தூக்கிக் காட்டி, "இது ஒழுங்கா வேல செய்யுதாம்மா?" என்றார். "ஒங்க கோட்டத்தான் மாமா நான் மொதல்ல பார்ப்பேன்" என்றேன். "அப்ப எனக்கு என்ன கவல" என்று சிரித்தார். அவரிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு அழுத்துவார். இயல்பாக இருக்காது.

அந்த நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. அறை நிறைய ஆட்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரில் என் கோடுகள் மட்டும். ஒவ்வொன்றாகப் பிறந்து ஓடுகிறது, பிறந்து ஓடுகிறது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஒவ்வொண்ணும் ஒரு மனுஷரா?" என்று கேட்டார். ஆமாம் அம்மா, ஒவ்வொன்றும் ஒரு மனுஷர் என்றேன். அந்த நேரத்தில் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் கேக் பெட்டியோடு உள்ளே வந்தார். வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் வேலை செய்வதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

டீ நேரம் வந்தது. கோடு பிறந்தது. முதல் கை, இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் தாண்டி நான்காவதில் நின்றது. சிவந்தது. கிள்ளலைப் பிடித்திருந்த சின்னத் திரை ஒரு கையில் இருக்க, மறு கையில் கோலை எடுத்தேன்.

என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக நான் பேசினதில்லை. திரையில் எண்தான் தெரியும், பேர் தெரியாது, அது வாடிக்கையாளரின் அந்தரங்கத்துக்காக என்று தொடங்கினேன். சிவந்த கட்டத்தைத் தொட்டேன், பெரிதாக விரிந்தது. இதோ இந்தக் கை வாங்கியிருக்கிறது, கொடுக்கவில்லை என்றேன். நகைச்சுவையும் சொன்னேன், வாங்கினதைக் கொடுக்காதவர்களை நமக்குத் தெரியாதா என்று. சிரித்தார்கள். சுருக்கம்கூடச் சிரித்தார்.

அப்போது அதே எண்ணிலிருந்து இன்னொரு கோடு பிறந்தது.

ஓடி வந்து முதல் கோட்டின் பின்னால் நின்றது. சிவந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு நெருக்கமாக இரண்டு. முன்வரிசை அம்மாள், "என்ன இது?" என்றார். வாடிக்கையாளர் பதில் வராததால் மறுபடி மறுபடி அழுத்துகிறார், இதைத்தான் வாடிக்கையாளரின் வலி என்கிறோம், மற்ற நிறுவனங்களுக்கு இது தெரியவே தெரியாது, நாம் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். முன்வரிசை நாற்காலிகள் இன்னும் முன்னால் நகர்ந்தன. நான் ஏற்பாடு செய்ததைவிட எவ்வளவோ அழகாக இருந்தது. ஒத்திகையில் இப்படி வராது. மீதி இருந்த விளக்கம் முழுவதையும் நிதானமாகச் சொல்லி முடித்தேன், ஒன்றையும் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று உங்களிடம் இருக்கும்.

பின்னால் என் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்திருப்பது தெரிந்தது. பிறகுதான் சொன்னார், நான் பேசுவதை அப்பாவும் கேட்கட்டும் என்று கூப்பிட்டாராம். "மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கிறார்" என்று எனக்குச் சைகை காட்டினார். நானும் சைகையிலேயே, டீ போடுகிறார் போல, என்றேன்.

கடைசியில் கிள்ளலை விட்டேன். சிவப்பு எல்லாம் ஒரே நேரத்தில் பச்சையாகி, வரிசையாக ஓடி, மேசையில் விழுந்தது. கைதட்டல் என்றால் கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். அவருடைய அப்பாவின் கோடுகளுக்கு அவர் கை தட்டினார் மேடம். யாருக்குக் கிடைக்கும் அப்படி ஒரு கணம். பிறகு நான் மணியை அடித்தேன்.

கேக்கை வெட்டிக்கொண்டிருக்கும்போது அவருக்கு உதவி மேசையிலிருந்து அழைப்பு வந்தது. அப்பா பொத்தானை அழுத்தியிருக்கிறார், கூப்பிட்டால் பதில் வரவில்லை, ஆளை அனுப்பியிருக்கிறோம் என்று. அவர் விரலில் க்ரீம் இருந்தது. துடைக்காமலே ஓடினார். நான் விருந்தினர்களை வழியனுப்பிவிட்டுப் போனேன்.

சமையலறையில் ஸ்டூலிலிருந்து விழுந்திருக்கிறார். சர்க்கரை டப்பாவை எடுக்க ஏறியிருக்க வேண்டும். தலையில் அடி. உடனே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார், ரத்தம்தான் அதிகம் போய்விட்டது என்றார். எல்லாம் முடிந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது, என் வீட்டுக்காரர் கேட்டார், "ரொம்ப நேரம் கெடந்திருப்பாரா? நம்மள கூப்பிட்டிருப்பாரா?" விழுந்த உடனே நினைவு போயிருக்கும், ஒரு தடவை கை தானாகப் பொத்தானில் பட்டிருக்கும், அவ்வளவுதான் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவர் தூங்கினார். ஒரு மனிதருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வது தப்பா?

உங்களிடம் முதல் தடவை சொன்னதும் அதுபோலத்தான். பொம்மைக்குப் போட்ட கிள்ளல் தவறுதலாக மாமாவின் எண்ணில் ஒட்டிக்கொண்டது, கூடவே சுற்றுவழியும் அணைந்துவிட்டது, திரையில் எண்தான் தெரியும் என்பதால் யார் என்று எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் நம்பினீர்கள். சுருக்கம் என் தோளைத் தட்டி, "மனச விடாதீங்க, தவறு யாருக்கும் வரும்" என்றார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து அழுதார். எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நானே அதைக் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். தவறுதலாக என்ற வார்த்தையைப் பல தடவை சொன்னால் அது பழகிவிடும்.

இன்று காலையில் நீங்கள் மடிக்கணினியைத் திருப்பினீர்கள். நான் கேட்டேனே, இது எங்கிருந்து கிடைத்தது என்று. உங்கள் தொழில்நுட்ப ஆள் பெருமையாக, "நாங்க தோண்டி எடுத்தோம்" என்றார். தோண்டவே வேண்டாம் மேடம். அது நான் எழுதினது. யார் எந்தக் கோட்டைத் தொட்டுத் திறந்து பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று பதிவு செய்கிற வசதி. "பாக்குறவங்கள எதுக்குப் பார்க்கணும்?" என்று சுருக்கம் அதை வேண்டாம் என்றார். நான் கேட்காமல் சேர்த்தேன். எண்ணின் மேல் தொட்டால் பேர் வரும். தொட்டவர் பேரும் பதிவாகும். இரண்டாவது கோடு பிறந்த உடனே நான் அதைத் தொட்டிருக்கிறேன். பேரைத் திறந்திருக்கிறேன். எல்லோரும் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கையிலிருந்த சின்னத் திரையில். தொட்டதையே நான் மறந்துபோயிருந்தேன், அது மறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் என்று எழுதின எனக்கே தெரியாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கோடு வந்தபோது அது மாமா என்று பார்த்தேன். மாமா இரண்டாவது தடவை அழுத்த மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அழுத்துகிறார் என்றால் விழுந்துவிட்டார், எங்களை நம்புவதை விட்டுவிட்டார் என்றும் புரிந்தது. ஒரு விரலை அசைத்துக் கிள்ளலை விட்டிருந்தால் கோடு ஓடியிருக்கும். விடவில்லை. விளக்கம் பாதியில் இருந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் உள்ளே எங்கே நிற்கிறார் என்று அன்று அறை முழுக்கத் தெரிந்தது. நான்தான் அவரைக் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

இனி யாராவது கெடாத ஒன்றை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்களா? என் கருவி இல்லையென்றால் நீங்கள் இதைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டீர்கள். மடிக்கணினியில் இருக்கும் இந்தப் பதிவைச் சுருக்கத்திடம் காட்டுங்கள், அந்தத் திரையைக் கழற்ற விடாதீர்கள். இன்னொரு சின்ன விஷயம். வாடிக்கையாளருக்கு உறைப்பதற்கு முன்னால் பிடித்தால்தான் மணி, இந்தத் தடவை கொஞ்சம் பிந்திவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பிடித்தது என் கருவிதானே. அந்த மணியை எனக்காக யாரையாவது அடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை போதும் மேடம், இரண்டு தடவை அடித்தால் மாமாவுக்குப் பிடிக்காது.